சனிக்கிழமை மாலைக் கூட்டம்
(சீராம்பூர் மிஷனரிகள் சேர்ந்து வாழ்ந்த கதை)



சமணனாகப் பிறந்த நான் கிறிஸ்தவ மிஷனரிகளைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நமது சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பட்டம் வாங்கியவன் அல்லன். 1979ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, காகித வியாபாரத்தில் காலத்தைக் கழித்தவன். படிப்பு என்பது எனக்குக் கடை மூடிய பிறகு கிடைத்த நேரத்தில் வந்ததுதான். அப்படிப்பட்டவனை இந்த விஷயத்திற்கு இழுத்து வந்தது மதமல்ல, காகிதம்.

எங்கள் தொழிலில் பழைய பெயர்களில் ஒன்று ‘சீராம்பூர் காகிதம்’. கரையான் அரிக்காத காகிதம் வேண்டும் என்பதற்காக அங்கிருந்த மிஷனரிகள் தாங்களே ஆலை வைத்தார்கள். 1820ல் அந்த ஆலைக்காக இங்கிலாந்திலிருந்து நீராவி இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. நம் நாட்டுக்கு வந்த முதல் நீராவி இயந்திரங்களில் அதுவும் ஒன்று. இதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறிச் சீராம்பூர் போனேன். பிறகு பல தடவை போய் வந்துவிட்டேன். பொழுது சாயுமுன் சாப்பிடுகிற குலவழக்கம் உள்ளவன் ஆதலால் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடுவது என் முறை.

காகிதத்தைத் தேடிப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது வேறு. வேறு வேறு ஊர், வேறு வேறு தொழில், வேறு வேறு குணம் கொண்ட மூன்று பேர், ஒரே கூரையின் கீழ், ஒரே பணப்பெட்டியை வைத்துக்கொண்டு இருபத்து மூன்று வருஷம் பிரியாமல் இருந்திருக்கிறார்கள். மூவரில் ஒருவர் இறந்த பிறகுதான் அந்தக் கூட்டு குறைந்தது. கூட்டு வியாபாரம் செய்து கை சுட்டுக்கொண்டவன் நான். எனக்கு அது ஆச்சரியமாகப் பட்டது. எப்படி முடிந்தது இவர்களால்? எந்த இடத்தில் முடியாமல் போயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்வதே இக்கட்டுரை.

முதல் கூட்டு முறிந்த விதம்

வில்லியம் கேரி 1761ல் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளி. தானாகவே பல மொழிகள் கற்றவர். 1792 அக்டோபரில் கெட்டரிங் என்ற சிற்றூரில் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே, 1793ல், கேரி குடும்பத்தோடு கப்பல் ஏறினார். கூட வந்தவர் ஜான் தாமஸ் என்ற மருத்துவர். அவர் முன்பே வங்காளத்தில் இருந்தவர், நல்ல மனது, வங்காள மொழியும் கொஞ்சம் தெரியும். ஆனால் கடன் வாங்குவதில் மன்னர். பணத்தைக் கையாளத் தெரியாதவர்.

பணம் யார் கையில் இருந்தது தெரியுமா? தாமஸ் கையில்தான்! 1793 நவம்பரில் கல்கத்தாவில் இறங்கிய சில வாரங்களிலேயே கொண்டு வந்த முதல் கரைந்து போயிற்று. தாமஸ் ஊரில் தொழில் பார்க்க உட்கார்ந்தார். கேரி, மனைவி, மைத்துனி, குழந்தைகள் என்று ஒரு குடும்பமே அந்நிய ஊரில் நாளைய சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நின்றது. சுந்தரவனக் காட்டோரம் வரை போய்ப் பார்த்தார்கள். கடைசியில் 1794ல் மால்தா பக்கம் முட்னாபாட்டியில் ஒரு அவுரித் தொழிற்சாலையில் மேலாளர் வேலை கிடைத்துத்தான் மூச்சு விட்டார்கள்.

இதைப் படித்தபோது வியாபாரி என்ற முறையில் எனக்குத் தோன்றியது இதுதான். தாமஸ் கெட்டவர் அல்லர். கேரியும் ஏமாளி அல்லர். இருவருக்கும் இடையில் எழுதி வைத்த முறை எதுவும் இல்லை, அவ்வளவே. அன்பு இருக்கிறது, கணக்கு எதற்கு என்று ஆரம்பிக்கிற கூட்டு எல்லாம் இந்த வழியில்தான் போகும்.

ஒரு வீடு, ஒரு பெட்டி, ஒரு பந்தி

1799 அக்டோபரில் மேலும் நான்கு மிஷனரிகள் குடும்பங்களோடு வந்து சேர்ந்தார்கள். கும்பினி அரசாங்கத்துக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது. ஆகவே அவர்கள் கல்கத்தாவில் இறங்காமல், ஹூக்ளி நதிக்கரையில் டேனிஷ்காரர்கள் வசமிருந்த சீராம்பூரில் இறங்கினார்கள். அங்கிருந்த டேனிஷ் கவர்னர் ஒலே பீ அவர்களைக் காப்பாற்றி இடம் கொடுத்தார். நம் தரங்கம்பாடியும் அப்போது அதே டேனிஷ் அரசுக்குச் சொந்தம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே, 1845ல், பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

வந்த நால்வரில் கிராண்ட் என்பவர் மூன்று வாரத்துக்குள் காலமானார். அடுத்த இரண்டே வருஷத்தில் ஃபவுண்டன், பிரன்ஸ்டன், ஜான் தாமஸ் ஆகிய மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியவர்கள் கேரி, ஜாஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவர்தான்.

கேரி 1800 ஜனவரி 10ஆம் தேதி சீராம்பூருக்கு வந்தார். வந்த ஒரு வாரத்திற்குள் எல்லோரும் உட்கார்ந்து தங்கள் குடும்பத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். வார்டு தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருப்பதால் நமக்குத் தெரிகிறது. அதன் சாரம் இது.

முதலாவது, எல்லோரும் முறை வைத்துப் பிரசங்கமும் ஜெபமும் செய்ய வேண்டும். ஒருவரே தலைவர் என்பது இல்லை. இரண்டாவது, வீட்டு நிர்வாகத்தை ஒரு மாதம் ஒருவர் பார்த்தால் அடுத்த மாதம் இன்னொருவர் பார்க்க வேண்டும். மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே பந்தி. நான்காவது, யாரும் தனிப்பட வியாபாரம் செய்யக்கூடாது, யார் எதைச் சம்பாதித்தாலும் பொதுப் பெட்டிக்கு வர வேண்டும். பொருளாளராகவும் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பாகவும் கேரி. புத்தகங்களுக்குப் பொறுப்பு ஃபவுண்டன்.

ஐந்தாவதுதான் என்னை நிறுத்தி வைத்த விதி. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் எல்லோரும் கூடி, அந்த வாரத்தில் ஒருவர் மேல் ஒருவருக்கு ஏற்பட்ட மனத்தாங்கலைப் பேசித் தீர்த்துக்கொண்டு, மறுபடியும் அன்புக்கு வாக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் ஞாயிறு, வழிபாட்டு நாள். கசப்போடு அதற்குள் போகக்கூடாது என்பது கருத்து.

எங்கள் சமயத்தில் தசலக்ஷண பர்வம் என்று பத்து நாள் நோன்பு உண்டு. அதில் முதல் நாளுக்குரிய தருமமே உத்தம க்ஷமை, அதாவது பொறுமை. பர்வம் முடிந்து க்ஷமாவணி நாளில், சிறியவர் பெரியவர் பாராமல் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். பேல்காச்சியா ஜினாலயத்தில் வருஷா வருஷம் கைகூப்பி நிற்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் யாரிடம் மனஸ்தாபமே இல்லையோ அவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருக்கிறது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் அன்றைக்கு எதிரில் இருப்பதில்லை! வருஷத்துக்கு ஒரு தடவை நாம் செய்வதை அவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை, அதே வீட்டில், அதே ஆளிடம் செய்ய முயன்றார்கள்.

1805 அக்டோபர் 7ஆம் தேதி இதையெல்லாம் விரித்து, பதினொரு பகுதிகள் கொண்ட ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். ஊர் மக்களின் மனத்தை அறிந்து பழகுவது, இங்குள்ள சகோதரர்களைப் பொறுப்புக்கு வளர்ப்பது என்று பலவும் அதில் உண்டு. கடைசிப் பகுதி மறுபடி பணத்துக்கே வருகிறது. எவன் ஒருவன் தனக்கென்று தனியே சேர்க்க ஆரம்பிக்கிறானோ அன்றே இந்த வேலைக்குக் கேடு வந்தது என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். எழுதியதைப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறன்று, வருஷத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு நிலையத்திலும் இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நாமெல்லாம் கூட்டுப் பத்திரம் எழுதுகிறோம். கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பிறகு, சண்டை வந்து வக்கீலிடம் போகிற நாள் வரைக்கும் யாராவது எடுத்துப் படிக்கிறோமா?

மூவரும் மூன்று விதம்

கேரி செருப்புத் தைத்தவர். மார்ஷ்மன் நெசவாளி வீட்டுப் பிள்ளை, பள்ளி ஆசிரியர். வார்டு அச்சுத் தொழிலாளி, பத்திரிகை நடத்தியவர். ஆளுக்கொரு தொழில் இருந்தது பெரிய வசதி. கேரி மொழிபெயர்ப்பார், வார்டு அச்சடிப்பார், மார்ஷ்மன் தம்பதி பள்ளிக்கூடம் நடத்திப் பணம் கொண்டு வருவார்கள். ஒருவர் வேலையில் ஒருவர் கை வைக்கவில்லை. ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை ஓடாது. பஞ்சானன் கர்மகார் போன்ற வங்காள எழுத்து வார்ப்பாளரும், ராம்ராம் பாசு போன்ற முன்ஷிகளும் இல்லாமல் மூவர் வேலையும் ஓடியிராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1801ல் வங்காளி மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது இத்தனை பேர் கை சேர்ந்துதான்.

அதே 1801ல் கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரிக்கு வேலை கிடைத்தது. மாதம் 500 ரூபாய் சம்பளம், பின்னால் அது 1,000 ஆயிற்று. அந்தக் காலத்து 1,000 ரூபாய் என்றால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்! அத்தனையும் பொதுப் பெட்டிக்குப் போயிற்று. குடும்பத்துக்கென்று சொற்பத் தொகையும், கவர்னர் ஜெனரல் வந்து போகிற இடத்திற்குக் கௌரவமாக உடுத்திப் போகக் கொஞ்சம் கூடுதலும் மட்டுமே அவருக்கு. பள்ளி வருமானமும் அப்படியே, அச்சக வருமானமும் அப்படியே.

குணத்திலும் மூவரும் ஒன்றல்ல. கேரிக்கு யாரையும் கண்டித்துப் பேச வாய் வராது. சொந்தப் பிள்ளைகளைக்கூட அதட்ட மாட்டார். மார்ஷ்மன் நேர் எதிர். எடுத்த காரியத்தில் பிடிவாதம், பேச்சில் கறார், அதனால் பலருக்கு அவரைப் பிடிக்காது. நடுவில் வார்டு. மனிதர்களோடு பழகத் தெரிந்தவர், தட்டிக் கொடுத்து வேலை வாங்கத் தெரிந்தவர். கேரியின் மூத்த மகன் ஃபெலிக்ஸ் கட்டுக்கு அடங்காமல் திரிந்தபோது, அச்சகத்தில் தம் பக்கத்தில் நிறுத்தி ஆளாக்கியது வார்டுதான். எந்தக் கூட்டுக்கும் இப்படி ஒரு நடு ஆள் வேண்டும். அவர் இருக்கும்போது அவர் அருமை தெரியாது.

தீப்பிடித்த இரவு

1812 மார்ச் 11ஆம் தேதி மாலை அச்சகத்தில் தீப்பிடித்தது. வார்டும் மார்ஷ்மனும் ஆட்களைக் கூட்டிப் போராடியும் கட்டடம் விழுந்தது. காகித இருப்பு, பல மொழி எழுத்துகள், கேரியின் பல வருஷ உழைப்பான பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படி, எல்லாம் போயின. எரிந்து உருகிய எழுத்துகளில் நம் தமிழும் இருந்தது. நஷ்டம் சுமார் 10,000 பவுன். கேரி அன்று கல்லூரி வேலையாகக் கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் நேரில் போய்ச் சொன்னார்.

காகிதக் கிடங்கு வைத்திருப்பவனுக்குத் தீ என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். ஒரு கடையில் தீப்பிடித்தால் மறுநாள் பங்காளிகளுக்குள் என்ன பேச்சு நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இவர்கள் என்ன செய்தார்கள்? அச்சு இயந்திரங்கள் தப்பியிருந்தன. சாம்பலைக் கிளறியபோது எழுத்து வார்க்கும் எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. உருகிக் கிடந்த ஈயத்தை அள்ளிப் பக்கத்திலிருந்த காலிக் கிடங்கில் உடனே வார்க்க ஆரம்பித்தார்கள். கேரி முதல் வரியிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தார். சில வாரங்களில் அச்சு ஓடிற்று. செய்தி இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் அங்குள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் முழு நஷ்டத்தையும் வசூல் செய்து கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷச் சனிக்கிழமைகளின் பலன் அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது என்பது என் கருத்து.

விதியில் எழுதப்படாத ஒருத்தி

இதுவரை சொன்னது வெளிச்சமான பக்கம். இருட்டான பக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது.

கேரியின் மனைவி டாரத்திக்கு இந்தியா வர மனமே இல்லை. கடைசி நேரத்தில், தங்கை கூட வருவாள் என்றதன் பேரில்தான் கப்பல் ஏறினார். 1794ல் முட்னாபாட்டியில் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்குச் சித்தம் பேதலித்தது. தங்கையும் அதற்குள் கல்யாணமாகித் தனியே போய்விட்டாள். சீராம்பூரில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடைபட்டிருந்து 1807 டிசம்பரில் காலமானார். பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தார்.

வீட்டு நிர்வாகத்துக்கு முறை உண்டு, மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு உண்டு, மனத்தாங்கலுக்குச் சனிக்கிழமை உண்டு. இந்த அம்மாளுக்கு என்ன உண்டு? அவர் துயரம் எந்த விதியிலும் இல்லை. அந்த வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள் போலத் திரிந்த கேரியின் மகன்களுக்கு உண்மையில் தாயாக இருந்தவர் ஹன்னா மார்ஷ்மன். பள்ளிக்கூடம் நடத்தி, இத்தனை குடும்பத்துக்கும் சமையல் பார்த்து, நோயாளிகளையும் கவனித்த அந்த அம்மாளைக் கணக்கில் சேர்க்காமல் ‘சீராம்பூர் மூவர்’ என்று மட்டும் புத்தகங்கள் பேசுகின்றன. என் கணக்கில் நால்வர்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1984ல் பைட்டக்கானா காகிதச் சந்தையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கடை போட்டோம். நான், என் சித்தப்பா மகன், ஊர் நண்பர் ஒருவர். பேர் சொல்ல வேண்டாம். பதினோரு வருஷம் நன்றாகவே நடந்தது. பேரேட்டில் பைசா பிசகாது. கடைசி இரண்டு வருஷம் தம்பி மத்தியானத்துக்கு மேல் அடிக்கடி கடையில் இருக்க மாட்டான். தனியாக எங்கோ கமிஷன் வியாபாரம் பார்க்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வருமே என்ற பயம். மனத்துக்குள்ளேயே ஒரு பேரேடு போட்டேன், அதில் பற்று மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். 1995ல் கடையைப் பிரித்தோம். பிரிக்கிற அன்று சாவியை மேசையில் வைத்துவிட்டு அவன் சொன்னான். “அண்ணா, வீட்ல அவளுக்கு மனசு சரியில்ல. ரெண்டு வருஷமா வைத்தியம் பாக்கறேன். வெளில சொல்ல வெட்கமா இருந்தது. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் குடும்பம் ஊருக்குத் திரும்பிற்று. டாரத்தியின் கதையைப் படித்த நாளில் எனக்கு நினைவு வந்தது கேரி அல்ல, அந்தச் சாவிதான்.

பின்னால் வந்தவர்கள்

சீராம்பூருக்குத் திரும்புவோம். மூவரின் ஒற்றுமை முற்ற முற்ற, அதுவே பிறருக்குச் சுவராகவும் ஆயிற்று. பத்து, பதினைந்து வருஷம் கழித்து இங்கிலாந்திலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். 1814ல் வந்த யூஸ்டஸ் கேரி வில்லியம் கேரியின் தம்பி மகன். 1815ல் வில்லியம் யேட்ஸ் வந்தார். 1817ல் வந்த பியர்ஸ் அச்சுத் தொழில் தெரிந்தவர். எல்லோரும் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள்.

அவர்கள் கண்ணுக்கு என்ன பட்டது? முடிவு எல்லாம் மூத்தவர்கள் கையில் இருக்கிறது. மார்ஷ்மன் பேச்சு அதிகாரமாக இருக்கிறது. கட்டடம், நிலம், அச்சகம், ஆலை எல்லாம் பெரிதாக வளர்ந்திருக்கிறது, இது யார் சொத்து? மூத்தவர்கள் கண்ணுக்கோ, நேற்று வந்தவர்கள் நாம் பட்டினி கிடந்து சேர்த்ததற்குக் கணக்குக் கேட்கிறார்கள் என்று பட்டது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. மாமியார் மருமகள் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது போலத்தான்.

1818க்குள் இளையவர்கள் கல்கத்தாவில் தனி மிஷனும், தனி அச்சகமும் வைத்துவிட்டார்கள். ஒரே சங்கத்து ஆட்கள், ஒரே நதிக்கரை, இரண்டு முகாம். பெரியப்பா ஒரு பக்கம், மகன் முறையானவர் ஒரு பக்கம்.

நான் பார்த்த வரையில் குறை எங்கே என்றால், 1800ல் போட்ட விதியை எழுதியவர்கள் சமமானவர்கள். எல்லோரும் ஒரே கஷ்டத்தைச் சாப்பிட்டவர்கள். பின்னால் வந்தவருக்கு அந்த விதி பிறர் எழுதிய சட்டம். சனிக்கிழமை மாலையில் ஒருவருக்கொருவர் குறை சொல்லலாம் என்பது சமமானவர்களுக்குள் சரி. இருபது வருஷம் மூத்தவர் முன்னால் உட்கார்ந்து, நேற்று வந்த பையன் எதைச் சொல்வான்?

கடலுக்கு அப்பால் இருந்த குழு

இதைவிடப் பெரிய பிளவு இங்கிலாந்தில் இருந்த நிர்வாகக் குழுவோடு வந்தது. ஆரம்பத்தில் சங்கத்துக்குச் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர். கேரியோடு உட்கார்ந்து சங்கத்தைத் தொடங்கியவர், சிநேகிதர். கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷம் ஆனாலும், கடிதத்தில் மனுஷ வாடை இருந்தது. 1815ல் அவர் காலமானார். 1819ல் சங்கத்தின் அலுவலகம் லண்டனுக்குப் போயிற்று. புதிய செயலாளர் டயர் ஒழுங்கானவர். ஆனால் அவர் கடிதங்கள் அமைச்சர் ஒருவர் அனுப்பும் உத்தரவு போல இருக்கின்றன என்று கேரி வருத்தப்பட்டார்.

சொத்து யார் பேரில் என்ற கேள்விதான் முள். மூவரும் தங்களுக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு காசும் வேண்டாம் என்றார்கள். ஆனால் நாங்கள் சம்பாதித்து வாங்கியதை நாங்களே தர்மகர்த்தாக்களாக இருந்து நடத்துவோம் என்றார்கள். குழு அதற்கு இணங்கவில்லை. இதற்கிடையில் 1823 மார்ச் 7ஆம் தேதி வார்டு காலராவில் இறந்தார். நடு ஆள் போய்விட்டார். மார்ஷ்மன் தாமே இங்கிலாந்து போய்ப் பேசினார். கறார்ப் பேச்சும் உத்தரவுக் கடிதமும் நேருக்கு நேர் சந்தித்தால் என்ன ஆகும்? 1827ல் சீராம்பூர் மிஷனும் தாய்ச் சங்கமும் முறைப்படி பிரிந்தன. பிறகு இரு தரப்பும் புத்தகம் போட்டுச் சண்டை போட்டார்கள். 1830க்குப் பிறகு கல்கத்தாவின் பெரிய ஏஜென்ஸி ஹவுஸ்கள் ஒவ்வொன்றாகத் திவாலாக, மிஷன் போட்டு வைத்திருந்த பணமும் போயிற்று. கேரி 1834 ஜூன் 9ஆம் தேதி காலமானார். பிளவு தீர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

1837 டிசம்பரில் லண்டனில் இரு தரப்பும் மறுபடி ஒன்று சேர முடிவாயிற்று. அதே டிசம்பர் 5ஆம் தேதி மார்ஷ்மன் சீராம்பூரில் இறந்திருந்தார். சமாதானச் செய்தி கப்பலில் வந்து சேர்ந்தபோது, அதைக் கேட்க வேண்டிய மூவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

இது சீராம்பூருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. நம் தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்குவைத் தமிழ் அச்சுக்காக நாம் போற்றுகிறோம். அவரும் 1709ல் வந்த சக மிஷனரி பூவிங்கோடு ஒத்துப்போக முடியாமல் வருந்தியவர். கோபன்ஹேகன் மிஷன் சபையின் செயலாளர் வென்ட், மிஷனரி என்றால் இப்படித்தான் ஏழையாக நடந்து திரிய வேண்டும் என்று அங்கே உட்கார்ந்தபடி கடுமையாக எழுதிக்கொண்டிருந்தார். சீகன்பால்கு 1719ல் 36 வயதில் மறைந்தார், அடுத்த வருஷமே அவர் துணைவர் குருண்ட்லரும் மறைந்தார். அந்தக் கடிதங்கள் இருவர் மனத்தையும் அரித்தன என்றே வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வெயிலும் காய்ச்சலும் செய்ததைவிடக் கடிதம் செய்த காயம் பெரிது.

ஒன்றைக் கவனியுங்கள். கல்கத்தாவில் பிரிந்து போன இளையவர்களோடு காலப்போக்கில் சீராம்பூர்க்காரர்களுக்குக் கசப்பு குறைந்தது. காரணம், அவர்கள் பக்கத்து ஊர். காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்கலாம், சாவு என்றால் தோள் கொடுக்கலாம். முகம் பார்த்த சண்டை ஆறும். காகிதத்தில் போட்ட சண்டை ஆறுவதில்லை. காகிதம் விற்றுப் பிழைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நமக்கு என்ன?

ஊர் விட்டு ஊர் வந்த நாமும் ஒரு வகையில் அந்தச் சீராம்பூர் வீட்டுக்காரர்கள் மாதிரிதான். அண்ணன் தம்பி கடை, நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீடு, நமது இந்தச் சங்கம், எல்லாமே கூட்டுதான். பிறந்த ஊரில் சண்டை வந்தால் தீர்த்து வைக்கப் பெரியவர் ஒருவர் இருப்பார். இங்கே நமக்கு நாமே பெரியவர். சங்கங்கள் இரண்டாகி, இரண்டு நான்காகிப் பொங்கல் விழாவே தனித்தனியாக நடந்த கதைகள் உங்களுக்கும் தெரியும்.

நம் நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்த பிறகு, ‘யாருக்கு யார் மேல் மனத்தாங்கல்’ என்று கேட்க ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். புதிதாகச் சேரும் இளைஞர்களையும் உட்கார வைத்து விதிகளைச் சில வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக எழுதுங்கள், பழையதில் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். கூட்டத்துக்கு வராமல் வீட்டுக்குள் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்து வரப் பொறுப்புக் கொடுங்கள். முதல் இரண்டும் சீராம்பூர்க்காரர்கள் செய்தும் செய்யாமலும் நமக்குக் கற்றுக் கொடுத்தவை. மூன்றாவது டாரத்தி அம்மாளுக்கு நாம் செலுத்தும் கடன்.

போன வருஷம் க்ஷமாவணி அன்று ஜினாலயத்திலிருந்து வெளியே வந்து, தம்பிக்குப் போன் போட்டேன். “சொல்லுண்ணா” என்றான். அந்த அம்மாள் இப்போது நன்றாக இருக்கிறாராம், பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். முப்பது வருஷமாக வைத்திருந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த மலரின் பிரதி ஒன்றை அவனுக்குத் தபாலில் அனுப்பவிருக்கிறேன்.